முதல் பூ விரியும் வரை

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று ஜின்னியா விதைத்தேன். கிணற்றுக்கும் பின்மதிலுக்கும் இடையில் நாலு பாத்தி. காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிந்துவிட்டது.

மே மாதம் எங்கள் பங்குக் கோயிலில் மாதாவுக்கு வணக்க மாதம். முப்பத்தொரு நாளும் மாலையில் குகை போல் கட்டிய மாதா கெபி முன்னால் ஜெபமாலை நடக்கும், முப்பத்தொரு நாளும் பூ வேண்டும். திண்டுக்கல் வெயிலில் ரோஜா என்ன செய்யும்? போன வருடம் ஜெபமாலை முடிவதற்குள் தலையைத் தொங்கவிட்டது. பங்குச் சாமியார், "வெயில் தாங்குற பூ எதாச்சும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். முப்பத்து நாலு வருடம் அறிவியல் நடத்தியவளிடம் அப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? ஜின்னியா வெயிலில்தான் நிறம் கூடும். வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். ஒன்றை வெட்டினால் அதற்குக் கீழே இரண்டு கிளைக்கும்.

விதைத்து அறுபது நாளில் பூ. எண்ணிப் பார்த்தால் ஏப்ரல் 19.

தொண்டை இன்னும் சரியாகவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் பிடித்தது. தங்கை பிலோ மிளகுப்பால் போட்டுத் தந்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முளைத்துவிட்டன. ஐந்தே நாள். நல்ல விதை.

மார்ச் 2, ஞாயிறு

இன்று பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது என் முறை. ஆறாவது வரியில் குரல் போய்விட்டது. உதடு அசைகிறது, காற்று மட்டும் வருகிறது.  பென்சில் கீழே விழுந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்குமே, அப்படி எல்லோரும் பார்த்தார்கள். கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரின் மனைவி எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கி மீதியை வாசித்தார்.

திரும்பி வரும்போது பிலோ ஒன்றும் பேசவில்லை. என் தங்கை பிலோமினா பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று பொருள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு ஆறு வருடமாக என்னோடுதான் இருக்கிறாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தாள்.

"எத்தனை நாளாச்சுக்கா?"

"சளிடி. கிறிஸ்துமஸ்ல பிடிச்சது."

"பத்து வாரமா சளி. ஒரு தும்மல் தும்மியிருப்பியா?"

"முப்பத்தி நாலு வருஷம் கத்தின தொண்டை. அப்படித்தான் இருக்கும்."

"நீ ரிட்டையராகி எட்டு வருஷம் ஆகுது. எட்டு வருஷம் கழிச்சா தொண்டை கட்டும்?" கைப்பையை மேசையில் வைத்தாள். "அப்பாவுக்கும் இப்படித்தான…"

"நிறுத்து" என்றேன். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்துவிட்டேன். ஒரு பெஞ்சில் ஆறு பேரை உட்காரவைத்தால் ஒருவனும் எழுத மாட்டான். ஜின்னியாவும் அப்படி. காற்று புகாவிட்டால் இலையில் சாம்பல் நோய் வரும். ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றதையெல்லாம் பிடுங்கினேன்.

பக்கத்து வீட்டு சம்சாத் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "தூரப் போடப் போறீங்களா டீச்சரம்மா? எனக்கு நாலு குடுங்க" என்றாள். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். கொடுத்தேன். பெயின்ட் டப்பாவில் நட்டுவைத்திருக்கிறாள்.

அப்பாவைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன ஞாயிறிலிருந்து மனதில் அதுதான் ஓடுகிறது. எழுதிவிட்டால் நிற்குமோ என்னவோ. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஒரு தவக்காலத்தில் அவருக்குக் குரல் கம்மியது. சாக்பீஸ் தூள் என்றார். அடுத்த தவக்காலம் வரை சாக்பீஸ் தூள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். கழுத்தில் ஓட்டையோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சிலேட்டில் எழுதித்தான் பேசினார். அப்போது எனக்குப் பத்தொன்பது. நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சிலேட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது பிலோ. அவளுக்குப் பதினாலு.

போதும்.

மார்ச் 16, ஞாயிறு

பிலோ காது மூக்கு தொண்டை டாக்டரின் முகவரியை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். தயிர் எடுக்கப் போனால் அதுதான் கண்ணில் படுகிறது.

"நாளைக்குப் போறோம்" என்றாள்.

"நாளைக்கு எப்படி? பாத்திக்கு யார் தண்ணி ஊத்துறது?"

"டாக்டரைப் பாக்க ஒரு மணி நேரம் ஆகுமா? அதுக்குள்ள செத்துருமா உன் செடி?"

"இந்த வயசுல செடிக்கு ஒரு நாள்னா நமக்கு ஒரு வருஷம் மாதிரி பிலோ."

"உதாரணம் சொல்லாத. நான் உன் ஸ்டூடண்ட் இல்ல. தேதி சொல்லு."

"முதல் பூ விரியட்டும். அன்னைக்கே வர்றேன்."

உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள். "சத்தியமா?"

"சத்தியமா."

"மாதா மேல?"

"மாதாவை எதுக்கு இழுக்கிற? என் மேல."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் யாரையும் லைனில் பேசவிடாதவள், ஒரு மாதம் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

நுனி கிள்ளும் நாள். செடி ஒரு சாணுக்கு மேல் வந்துவிட்டது. தலைமையாசிரியர் பள்ளியில் இருக்கும்வரை மற்ற ஆசிரியர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் ஒரு வாரம் விடுப்பில் போகட்டும், எல்லோருக்கும் பேச்சு வந்துவிடும். செடியின் உச்சிக் குருத்தும் அப்படித்தான். அது இருக்கும்வரை பக்கக் கிளைகள் தூங்கும். அதைக் கிள்ளிவிட்டால் ஒன்றுக்கு நாலு கிளை.

கிள்ளினால் பூப்பது பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகும். அது எனக்குத் தெரியும். நல்ல பூ வேண்டுமென்றால் பொறுக்கத்தான் வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

தலை சீவும்போது கண்ணாடி முன்னால் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், காதுக்குக் கீழே. எதுவும் தட்டுப்படவில்லை. சும்மாதான் பார்த்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி பார்த்தேன். எதுவும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

இரண்டாவது தடவை நுனி கிள்ளினேன். ஒரு தடவை போதும் என்பார்கள். என் பாத்தியில் எரு அதிகம், கிளைகள் ஓடுகின்றன. நாலு கிளை எட்டாகட்டும். முப்பத்தொரு நாளுக்குப் பூ வேண்டுமே.

கிள்ளிக்கொண்டிருக்கும்போது பிலோ காபி டம்ளரோடு கிணற்றடியில் வந்து நின்றாள். என் கையைப் பார்த்தாள், கூடையில் கிடந்த குருத்துகளைப் பார்த்தாள். இவள் இப்போது ஏதாவது சொல்லுவாள் என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

குரல் காலையில் கொஞ்சம் பரவாயில்லை, சாயங்காலம் மோசம். தொண்டையில் பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரி செருமிக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசுபவர்கள் என்னை 'சார்' என்கிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மொட்டு வந்துவிட்டது. பட்டாணி அளவு. பச்சைச் செதில்களை ஓடு மாதிரி அடுக்கிக்கொண்டு இறுக மூடியிருக்கிறது. மொத்தம் பதினொன்று.

காலையில் அவற்றைக் கண்டதும் கிட்டே போகாமல் கிணற்றடியிலேயே நின்றுவிட்டேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகள் பள்ளி கேட்டுக்கு வெளியே நிற்பார்கள், உள்ளே வர மாட்டார்கள். "உள்ளே வந்து பார்த்தால்தானே தெரியும்?" என்று அவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

முதல் மொட்டுகளை எடுத்துவிட்டால் அடுத்த பூக்களின் காம்பு நீளும். பூச்சாடியில் வைக்கக் காம்பு நீளம் முக்கியம். பதினொன்றையும் கிள்ளினேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து பாத்தியைப் பார்த்தேன். மூன்று மொட்டுகள். அவற்றைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன். குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்துவிட்டு மறுபடி கிள்ள எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனால் ஒன்றுதான் இருக்கிறது.

"பிலோ, இங்க ரெண்டு மொட்டைக் காணோம்."

"அணிலா இருக்கும்" என்றாள் அடுப்படியிலிருந்து.

ஏப்ரல் 15, செவ்வாய்

அந்த ஒன்றும் இல்லை.

காம்பைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். அணில் கடித்தால் நார் பிய்ந்து ஓரம் கிழிசலாக இருக்கும். இது நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் பிறை போல ஒரு பதிவு. நகத்தின் பதிவு. நானே மறந்துபோய்க் கிள்ளியிருக்க வேண்டும். வயதாகிறது.

கிள்ளியது எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 19, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. நாளை ஈஸ்டர், பிலோ பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சம்சாத் பின்பக்கமாக வந்தாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு ஜின்னியா. நல்ல குங்குமச் சிவப்பு. உள்ளங்கை அகலம். நடுவில் சுற்றிலும் பொட்டுப் பொட்டாக மஞ்சள்.

"டீச்சரம்மா, நீங்க குடுத்த நாத்து! உங்களுக்கு முன்னாடி எனக்குப் பூத்துருச்சு பாத்தீங்களா? வாத்தியாரு ஃபெயிலு, பிள்ளை பாஸு!"

நான் துருவலை விட்டுவிட்டு எழுந்தேன். பிலோ சல்லடையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"நீ நுனி கிள்ளலையா?" என்று கேட்டேன்.

"கிள்ளணுமா? எனக்கு யாரு சொன்னா? தண்ணி ஊத்துனேன், அது பாட்டுக்குப் பூத்துச்சு." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, பூவைக் கொண்டாந்தா பாம்பைக் கண்ட மாதிரி நிக்கிறீக ரெண்டு பேரும்? உங்க கோயிலுக்குத்தான வளக்குறீக, மொதப் பூ அங்க போகட்டும்னு பறிச்சேன். மெஷின்ல துணி கெடக்கு, வர்றேன்."

அவள் போய்விட்டாள். டம்ளர் அடுப்பு மேடையில் இருந்தது. நான் சட்டென்று சொன்னேன்:

"இது நம்ம பாத்தியில பூத்தது இல்லையே பிலோ."

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை என்னிடம் சொல்லும் சாக்கு போலவே இருந்தது. ஒரு பையன் ஒருமுறை, "நோட்டு வேற டீச்சர், நீங்க சொன்னது அந்த நோட்டு" என்றான். அவனைப் பெஞ்சு மேல் ஏற்றினேன்.

பிலோ கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாக்கா, நம்ம பாத்தியில இல்ல" என்றாள். மெதுவாக, என்னைப் பார்க்காமல்.

அப்போதுதான் புரிந்தது. அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். கட்டைவிரல் நகத்தடியில் பச்சைக் கறை. மாவுக்குள் கைவிட்டும் போகாத கறை. என் நகத்திலும் அதே கறைதான்.

"அணில் நீதானா?"

"மூணுதான் கிள்ளினேன். மீதியெல்லாம் நீ."

"நீதானடி தேதி கேட்ட? நீதானே சத்தியம் வாங்கின?"

"வாங்கினேன்." தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாங்கினப்புறம் தெரிஞ்சுச்சு, உன்கூட நாந்தானே வரணும்? ஆஸ்பத்திரி பெஞ்சுல நாந்தானே உக்காரணும்? நீ ஹாஸ்டல்ல இருந்த. அப்பா சிலேட்டுல என்னல்லாம் எழுதுவாருன்னு உனக்குத் தெரியாது. கடைசி வாரம் எழுத்தே வரல, கோடு கோடா இழுத்தாரு. புரியலப்பா புரியலப்பான்னு நான் நிக்கிறேன். அவரு என்னை அடிக்கக் கை ஓங்கினாரு. அப்பா என்னை அடிச்சதே இல்லக்கா." மூக்கைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு. "நீ எழுதிக் காட்டுற நோட்டை நான் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன். என்னால முடியாது."

ஆறு வருடமாக இந்த வீட்டில் தைரியசாலி பிலோதான் என்று நினைத்திருந்தேன்.

நானும் தரையில் உட்கார்ந்தேன்.  பிறகு நான்தான் சொன்னேன், திங்கட்கிழமை போவோம் என்று. பிலோ எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்த சீட்டை எடுத்து நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்ததும் அவளுடைய எக்ஸ்சேஞ்ச் குரல் வந்துவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டர் நாற்பது வயதுப் பெண். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார். அதன் நுனியில் கேமரா. டி.வி.யில் தெரிந்தது. குரல் நாண்களைப் படம் வரைந்து எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என்னுடையதைப் பார்த்தது இன்றுதான். V எழுத்தைத் தலைகீழாக வைத்தது போல இரண்டு வெள்ளைக் கோடுகள். வலது பக்கம் வழுவழுப்பு. இடது பக்கம், பாலாடை காய்ந்து ஒட்டிக்கொண்டது போல, சொரசொரவென்று ஒரு திட்டு.

"எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?"

"நாலு மாசம்."

அவர் எழுதிக்கொண்டே, "ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். 

மதுரையில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம்.

பிலோ வெளியே பெஞ்சில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

சதை எடுத்தாயிற்று. மூன்று நாள் பேசக் கூடாது. நர்ஸ் ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவந்து, "எதுனா வேணும்னா இதுல எழுதிக் காட்டுங்கம்மா" என்றாள். பிலோவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, கையாலேயே தண்ணீர் கேட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

நாளை வணக்க மாதம் தொடங்குகிறது. கிள்ளுவதை நிறுத்தியதிலிருந்து பாத்தியில் மொட்டு எண்ண முடியவில்லை. ஆனால் ஒன்றும் இன்னும் விரியவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகும். இது முழுக்க எங்கள் தவறு. சம்சாத்தின் நாலு டப்பாவிலும் சேர்த்து ஒன்பது பூ இருக்கிறது. "அதுக்கென்ன, முதல் வாரம் என் பூ நிக்கட்டும் மாதாவுக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை முடிவு. சோறு இறங்கவில்லை. தொண்டையால் அல்ல.

மே 2, வெள்ளி

மதுரையில் அந்தத் தாழ்வாரத்தில் அறுபது பேர் இருப்பார்கள். கழுத்தில் துணி சுற்றியவர்கள் சிலர். நான் அவர்களைப் பார்க்காமல் இருக்க, எதிரே இருந்த மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  

என் பெயரைக் கூப்பிட்டார்கள். "கூட வந்தவங்களும் வாங்க" என்றார் உதவியாளர். பிலோ எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தலையை ஆட்டினாள். நான் தனியாகப் போனேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டேன். எனக்குப் புரிந்ததை அவரிடமே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். பிறகு, "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்றேன்.

"இன்னும் சின்னதா இருந்திருக்கும். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம்." பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

வெளியே வந்தேன். பிலோ என் முகத்தைப் பார்த்தாள். இந்த நோட்டில் இத்தனை நாளாக நான் அந்தச் சொல்லை எழுதவில்லை. இதை எழுதும்போது புரட்டிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் இல்லை. அங்கே அதை வாயால் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் என்னைவிட அதிகம் பயந்திருப்பவளிடம்.

சொன்னேன். டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தத்தில் அவளுக்கு எட்டவில்லை.

"என்னக்கா?"

மறுபடி சொன்னேன். காற்றுதான் வந்தது.

"கேக்கலக்கா."

மூச்சை வயிறுவரை இழுத்தேன். கடைசி பெஞ்சுவரை கேட்க வேண்டுமென்றால் இப்படித்தான் செய்வேன்.

"புற்றுநோய். ஒரு நாண்ல மட்டும். பரவல. ஆபரேஷன் கிடையாது. கதிர்வீச்சு, முப்பது நாள். ஓட்டை கிடையாது பிலோ. ஓட்டை போட மாட்டாங்க."

உடைந்த குரல்தான், ஆனால் தாழ்வாரமே திரும்பியது. கழுத்தில் துணி சுற்றிய ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

பிலோ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "முப்பது நாளும் இங்க வரணுமா?" என்று கேட்டாள்.

"சனி ஞாயிறு லீவு."

"பள்ளிக்கூடம் மாதிரி."

"ஆமா. பள்ளிக்கூடம் மாதிரி."

"அப்ப உள்ள நானும் வர்றேன்" என்றாள். "இன்னைக்கு முடியல. அடுத்த தடவையிலேருந்து வர்றேன்."

மே 8, வியாழன்

முகத்துக்கு அச்செடுத்து ஒரு கவசம் செய்தார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்திலும் கழுத்திலும் அழுத்தி, மேசையோடு சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். வாயைத் திறக்க முடியாது, கூப்பிட முடியாது. பத்து நிமிடம். ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே இருந்தேன். நூற்று எழுபத்து நாலில் கழற்றினார்கள்.

பிலோ கதவுவரை உள்ளே வந்தாள்.

மே 12, திங்கள்

ஐந்தரை மணி. ஆறே முக்கால் பஸ். இன்று சிகிச்சையின் முதல் நாள்.

பாத்தியில் நாற்பது பூவுக்கு மேல் விரிந்திருக்கிறது. இன்றிலிருந்து பறிப்பது சம்சாத். நேற்றே கத்தரிக்கோலைக் கொடுத்து, டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் கையாலேயே காட்டினேன். பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். தலை துவண்டு ஆடினால் இன்னும் முற்றவில்லை, விட்டுவிடு. விறைப்பாக நின்றால் வெட்டு. அவள் நாலைந்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டு வச்சா வலிக்குமா டீச்சரம்மா?" என்று பூவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கதிர்வீச்சைத்தான் கரண்டு என்கிறாள்; தெரியாது என்று கையை விரித்தேன்.

பயம் போகவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து மூன்று தடவை குளியலறைக்குப் போய்விட்டேன். பிலோவும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் அந்தக் கதவு முன்னால் சண்டையே வந்துவிட்டது.

"நீ போறவ. நான் கூட வர்றவ. எனக்கு என்னத்துக்கு இப்படி வருது?" என்கிறாள்.

டப்பாவில் தயிர்சாதம் கட்டியாயிற்று. பிலோ செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். கிளம்புகிறோம்.